விழித்திரைப் படம்: நாட்குறிப்பு

ஜூன் 4

எனக்குச் சர்க்கரை இருப்பதால் இன்று விழித்திரையைப் படம் எடுத்தார்கள். அதற்காகச் சொட்டு மருந்து விட்டு விரித்த கண்பாப்பா இன்னும் சுருங்கவில்லை. எழுத்தெல்லாம் கலங்கித் தெரிகிறது. நாளைக்கு.

ஜூன் 5

திரையில் காட்டிய படம் மனதை விட்டுப் போகவில்லை. ஆரஞ்சு நிற வட்டம், நரம்பு நுழையும் இடத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு தட்டு, அங்கிருந்து கிளை பிரிந்து ஓடும் குழாய்கள். டாக்டர் சுட்டிக்காட்டிய சிவப்புப் புள்ளிகள் முதலில் என் கண்ணில் படவே இல்லை. பட்ட பிறகு வேறெதுவும் படவில்லை. நுண்குழாயின் சுவரை வெளியிலிருந்து இறுக்கிப் பிடித்திருக்கும் செல்கள் சர்க்கரையால் செத்துப்போக, சுவர் அங்கே புடைத்துக்கொள்கிறது. அந்தப் புடைப்புதான் புள்ளி. மஞ்சள் துகள்கள், குழாயிலிருந்து கசிந்து தங்கிப்போன கொழுப்பு.

இடது கண்ணில் மாக்குலா, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி, வீங்கியிருக்கிறது. அங்கே தடிமன் 412 மைக்ரான். வலது 280.

எழுந்தபோது டாக்டர் கேட்டார்: "யூரின்ல புரதம் போகுதான்னு கடைசியா எப்ப பார்த்தீங்க? பிரஷர் எவ்வளவு இருக்கு?" கண்ணைக் காட்டப் போன இடத்தில் இது எதற்கு? ராத்திரி முழுக்க அந்தக் கேள்விதான்.

ஜூன் 9

கண்ணுக்கு ஆஞ்சியோகிராம். கையில் ஊசி வழியாகச் சாயம் ஏற்றினார்கள். கொஞ்ச நேரம் குமட்டியது. அடுத்தடுத்து வெளிச்சம் அடித்துப் படம் எடுத்தார்கள். சாயம் குழாய்க்குள் ஓடும்வரை கோடு கோடாக இருக்கிறது, கசியும் இடத்தில் வெள்ளையாகப் பரவுகிறது. ஓரத்தில் சில இடங்கள் கறுப்பாகவே நின்றன. ரத்தம் எட்டாத இடங்கள். பட்டினி கிடக்கும் அந்தப் பகுதிதான் புதுக் குழாய் முளைக்கச் சொல்லி வேதிப்பொருளை அனுப்புமாம். முளைப்பவை சுவர் வலுவில்லாத குழாய்கள், கண்ணுக்குள் உடைந்து ரத்தம் கொட்டக்கூடியவை. எனக்கு இன்னும் முளைக்கவில்லை.

கூட வந்த தம்பிக்கும் சர்க்கரை இருக்கிறது. "நீயும் ஒரு படம் எடுத்துக்கோடா" என்றேன். "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது அக்கா."

ஜூன் 10

கட்டம் போட்ட தாளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இடது கண்ணில் நடுக்கோடு வளைகிறது.

ஜூன் 14

ரிப்போர்ட் வந்தது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் 86. முப்பதுக்குள் இருக்க வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் சரியாகவே இருக்கிறது, அதனால்தான் இத்தனை நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஏ1சி 9.1. பிரஷர் 152/90.

இப்போது அந்தக் கேள்வி புரிகிறது. சிறுநீரகத்தில் ரத்தம் வடிகட்டப்படுவதும் இதே மாதிரி நுண்குழாய் முடிச்சுகளில்தான். கண்ணில் கசிந்தால் படத்தில் துகள், அங்கே கசிந்தால் சிறுநீரில் புரதம். கீறாமல், ஊசி குத்தாமல் ரத்தக்குழாயை நேராகப் பார்க்க உடம்பில் விழித்திரையை விட்டால் வேறு நல்ல இடம் இல்லை. 1851இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் தன் கருவியைக் கொண்டு அந்த வழியைத் திறந்துவிட்டார். அன்று திரையில் நான் பார்த்தது என் கண்ணை மட்டும் அல்ல.

ஜூன் 17

இடது கண்ணில் ஊசி. அதற்கு முன்னால், "சமீபத்துல ஹார்ட் அட்டாக், பக்கவாதம் ஏதாவது வந்ததா?" என்று கேட்டார்கள். மறுபடி அதே பக்கம்தான் போகிறது பேச்சு.

மரத்துப்போகச் சொட்டு, பழுப்பு மருந்து, இமை மூடாமல் இருக்கக் கம்பி. "மேலே பாருங்க, அசையாதீங்க." அழுத்தம் தெரிந்தது, வலி இல்லை. உள்ளே போனது 0.05 மில்லி. புதுக் குழாயை வரவழைக்கும், கசிவைக் கூட்டும் அந்த வேதிப்பொருளை இது மடக்கிப்பிடிக்கும். பிற்பாடு பார்வையின் கீழ்ப்பக்கம் கறுப்பாக இரண்டு உருண்டைகள் ஆடின. காற்றுக் குமிழி, பயப்பட வேண்டாம் என்றார்கள். ஆனாலும் பயந்தேன்.

ஜூன் 18

குமிழிகள் போய்விட்டன.

ஜூன் 23

சர்க்கரை மளமளவென்று இறங்குகிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? ரொம்ப நாள் ஏறிக் கிடந்த சர்க்கரை வேகமாக இறங்கினால் விழித்திரை முதலில் கொஞ்சம் மோசமாகலாம் என்கிறார்கள். இதை ஏன் யாராவது முதலிலேயே சொல்லக்கூடாது? 1993இல் வந்த பெரிய ஆய்விலும் முதல் வருடத்தில் சிலருக்கு அப்படித்தான் ஆனது. அது முதல் வகை (டைப் 1) சர்க்கரைக்காரர்களிடம் செய்தது. ஆனால் அதே ஆய்வில், விழித்திரை பாதிக்கப்படாமல் ஆரம்பித்தவர்களுக்குப் பாதிப்பு வரும் ஆபத்து, கட்டுப்பாட்டால் 76 சதவீதம் குறைந்தது. அதனால் மருந்தை விடப்போவதில்லை. கண்ணை அடிக்கடி காட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன், தூக்கம்தான் வரவில்லை.

ஜூலை 2

கோபம். கண் டாக்டரிடம் ஒரு ஃபைல், சர்க்கரை டாக்டரிடம் ஒரு ஃபைல், இதயத்துக்கு இன்னொன்று. ஒருவர் எழுதியதை இன்னொருவர் புரட்டிப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் நானே ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோனேன். சர்க்கரை டாக்டர் நிதானமாகப் படித்தார். பிரஷர் மாத்திரையை மாற்றினார், புரதக் கசிவுக்கும் அதே மாத்திரை உதவுமாம். கொழுப்புக்கு ஒன்று சேர்த்தார். பாதத்தில் நைலான் இழையை வைத்து அழுத்தி, "தெரியுதா, இங்க தெரியுதா?" என்றார். இதயப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்தார். நெஞ்சுவலி இல்லையே என்றேன். சர்க்கரை நரம்பை மழுங்கடித்துவிட்டால் வலி தெரியாமலே மாரடைப்பு வரலாம், அதனால் வலி இல்லை என்பதை நம்பி உட்கார்ந்திருக்கக்கூடாது என்றார்.

தேடிப் படித்ததில் ஒன்று நெஞ்சில் தங்கிவிட்டது. 1998இல் பிரிட்டன் ஆய்வில் பிரஷரை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு முற்றுவது 34 சதவீதம் குறைந்தது, பக்கவாதம் 44 சதவீதம். கண்ணுக்கும் மூளைக்கும் ஒரே சிகிச்சை. நான் இத்தனை நாள் பிரஷரைத் தலைசுற்றல் சமாசாரமாகத்தான் நினைத்திருந்தேன்.

ஜூலை 8

தம்பிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 9

எடுத்தான். "நல்லாத் தெரியுதுங்கிறதுதான்டா ஆபத்து" என்றேன். புள்ளியும் கசிவும் மாக்குலாவைத் தொடும்வரை எழுத்து மங்காது, வலிக்காது, சிவக்காது. என் வலது கண்ணிலும் புள்ளி இருக்கிறது, அந்தக் கண்ணால் கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன். அவன் பேசவே இல்லை. அப்புறம், "வர்ற வாரம் பார்க்கலாம் அக்கா" என்றான். "பார்க்கலாம்" என்றால் அவன் அகராதியில் "இல்லை" என்று அர்த்தம். தேதி போட்டுவிட்டேன்.

ஜூலை 15

இடது கண் வீக்கம் 348! அடுத்த ஊசியும் போட்டாயிற்று. கட்டத்தின் கோடு இன்னும் முழுசாக நிமிரவில்லை. பிரஷர் 134/80.

ஜூலை 19

தம்பி வந்தான். இரண்டு கண்ணிலும் புள்ளிகள், கொஞ்சம்தான், வீக்கம் இல்லை. இப்போதைக்கு ஊசியும் வேண்டாம், லேசரும் வேண்டாம். வெளிச்சத்தில் கண் கூச என் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தான். "யூரின் டெஸ்ட்டும் எடுக்கணுமா அக்கா?" என்று அவனாகவே கேட்டான். திங்கட்கிழமை காலை, எழுந்ததும் போகும் முதல் சிறுநீர். டப்பா வாங்கிக் கொடுத்துவிட்டேன்.