1000 வாட் ஆம்புக்காகக் காரின் மின்சாரத்தைப் பலப்படுத்திய வரிசை

சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கினால், உடனே கெபாசிட்டரோ பெரிய பேட்டரியோ வாங்கிப் போடுவதுதான் பலரும் செய்வது. அதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்து, வோல்டேஜ் எந்த இடத்தில் குறைகிறது என்று பார்த்துவிடுங்கள். வாங்க நினைத்த பொருள்களில் பாதி தேவையில்லை என்று தெரிந்துவிடும். கீழே வருவது 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுற்றி மின்சாரம் தரும் ஜெனரேட்டர்) உள்ள சிறிய பெட்ரோல் காரில், சப்வூஃபருக்கு 1000 வாட் ஆர்எம்எஸ் மோனோ ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்றும் மற்ற ஸ்பீக்கர்களுக்கு நான்கு சேனல் 4×75 வாட் ஆம்ப் ஒன்றும் வைக்கும்போது செய்யும் வேலைகள், செய்ய வேண்டிய வரிசையிலேயே.

முதலில் கணக்கு. அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'மேக்ஸ்' வாட்டை மறந்துவிட்டு ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மோனோ ஆம்ப் கிளாஸ் டி என்ற வகை என்றால் திறன் சுமார் 80 சதவீதம். ஆகவே 1000 வாட் வெளியே வர 1250 வாட் உள்ளே போக வேண்டும். 13.8 வோல்ட்டில் அது 90 ஆம்பியர். நான்கு சேனல் ஆம்ப் கிளாஸ் ஏபி என்றால் திறன் 60 சதவீதம் அளவுதான். 300 வாட்டுக்கு 500 வாட் இழுக்கும், அதாவது 36 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து உச்சத்தில் 126 ஆம்பியர். ஆனால் பாட்டு எப்போதும் உச்சத்தில் நிற்பதில்லை. சராசரி இழுவை அதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் 40 ஆம்பியர் சொச்சம். ஃப்யூயல் பம்ப், ஹெட்லைட், ஏசி ப்ளோயர், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் ஓடும்போது கார் தனக்கென்று 30 முதல் 50 ஆம்பியர் வரை எடுக்கும்.

அப்படியானால் 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போதுமே என்று தோன்றும். அந்த 90 என்பது ஆல்டர்னேட்டரின் தண்டு 6000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது கிடைப்பது. இன்ஜின் ஐடிலில் 750 ஆர்பிஎம்மில் நிற்கையில், புல்லி விகிதம் 2.7 என்றால், தண்டு 2000 ஆர்பிஎம்தான் சுற்றுகிறது. அப்போது கிடைப்பது ஏறக்குறைய பாதி. சூடேறினால் இன்னும் குறையும். ஆக, ஓட்டத்தில் சமாளிக்கும், சிக்னலில் நிற்கும்போது பற்றாக்குறை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பின்னால் எடுக்கும் முடிவுகள் எல்லாம் எளிது.

அடுத்து அளவெடுப்பு. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு, 40 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனைச் சில விநாடி மட்டும் ஓட விடுங்கள். நீட்டினால் சப்வூஃபரின் வாய்ஸ் காயில் வெந்துவிடும். மூன்று இடத்தில் பாருங்கள்: ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் போல்ட்டுக்கும் (மின்சாரம் வெளியே வரும் முனை) அதன் உலோக உடலுக்கும் இடையே, பேட்டரி முனைகளில், ஆம்பின் டெர்மினலில். மினிமம் அளவைப் பிடித்துவைக்கும் மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. சாதாரண மீட்டர் திடீர் இறக்கத்தைக் காட்டாது. ஆல்டர்னேட்டரிலேயே 12.5 வோல்ட்டுக்கு இறங்கினால் உற்பத்தி போதவில்லை, எந்த வயரும் அதைக் காப்பாற்றாது. அங்கே 14.2 நின்று, ஆம்பில் 12.6 இருந்தால் குற்றவாளி வயரிங்.

வயரிங்கில் எந்தத் துண்டு என்று கண்டுபிடிக்க, அதே டோன் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை பி பிளஸ் போல்ட்டிலும் மறு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். அந்தக் கேபிளில் இழக்கும் வோல்டேஜ் நேரடியாகத் தெரியும். பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும், பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்பின் எர்த் டெர்மினலுக்கும் அதேபோலப் பாருங்கள். நீளம் போதாவிட்டால் மெல்லிய வயரை மீட்டர் லீடோடு முடிந்துகொள்ளலாம். அதில் கரண்ட் ஓடாது என்பதால் அளவு மாறாது. ஒரு துண்டுக்கு 0.2 வோல்ட்டுக்குள், மொத்தத்துக்கு 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் பக்கம் 0.1 தாண்டினாலே எங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். இந்த எண்களை எழுதி வையுங்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் திரும்ப எடுத்து ஒப்பிட வேண்டும்.

வேலையை 'பிக் த்ரீ' என்று சொல்லும் மூன்று கேபிள்களில் தொடங்குகிறோம்: ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பாசிட்டிவ், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடி, இன்ஜின் பிளாக்கிலிருந்து பாடி. கம்பெனி போட்ட வயர்களைக் கழற்ற வேண்டாம், பக்கத்தில் இணையாகப் புதியதை ஓட்டினால் போதும். மூன்றாவது கேபிளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் மின்தொடர்பு ஒரு சிறிய எர்த் ஸ்ட்ராப் வழியாகத்தான். அது துருப்பிடித்தால் கரண்ட் கியர் கேபிள் வழியாக, சில நேரம் ஆர்சிஏ வயரின் (ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்கு ஒலி சிக்னல் கொண்டுபோகும் வயர்) உலோக வலை உறை வழியாகக்கூடத் திரும்ப வழி தேடும். ஸ்பீக்கரில் கேட்கும் விசில் பலமுறை அங்கிருந்துதான் வருகிறது.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் நேரடியாகப் பேட்டரியோடு இணைந்தது; நெகட்டிவைக் கழற்றாமல் அங்கே ஸ்பேனர் வைத்து அது பாடியில் உரசினால் ஸ்பேனரே உருகும்.

பேட்டரி நெகட்டிவ் முனையில் சிறிய பெட்டிபோல ஒரு சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்மார்ட் சார்ஜிங் உள்ள கார்களில் பேட்டரிக்குள் போகும், வரும் கரண்டை ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அதை வைத்துத்தான் எண்ணுகிறது. புதிய எர்த் கேபிளை நேராகப் பேட்டரி முனையில் மாட்டினால் சென்சாரைத் தாண்டிக் கரண்ட் ஓடும், ஈசியூவின் கணக்கு தப்பும், பேட்டரி சரியாகச் சார்ஜ் ஆகாது. சென்சாரின் பாடி பக்கத்தில்தான் மாட்ட வேண்டும்.

கேபிள் அளவுக்கு வருவோம். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கேஜ் (கேஜ் எண் குறையக் குறையத் தடிமன் கூடும்) செம்புக் கேபிள், அதாவது 21 சதுர மி.மீ., ஒரு மீட்டருக்கு 0.8 மில்லி ஓம். 126 ஆம்பியரில் 5 மீட்டருக்கு அரை வோல்ட் போய்விடும். 60 வாட்டுக்கு மேல் கேபிளிலேயே சூடாகிறது. 1/0 கேஜ் (53 சதுர மி.மீ.) என்றால் மீட்டருக்கு 0.32 மில்லி ஓம், இழப்பு 0.2 வோல்ட். அதனால் பிரதான கேபிளும் பிக் த்ரீயும் 1/0. கேஜ் கணக்கில் கிடைக்காவிட்டால் 50 சதுர மி.மீ. வெல்டிங் கேபிள் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும், நன்றாக வளையவும் செய்யும். மேலுறை எண்ணெயையும் சூட்டையும் தாங்குமா என்பதை மட்டும் பாருங்கள்.

சிசிஏ என்று எழுதியிருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை மடங்கு. பயன்படுத்தவே கூடாது என்று சொல்ல மாட்டோம், ஆனால் ஒரு அளவாவது பெரியதாக எடுக்க வேண்டும், ஃப்யூஸைச் சிறியதாக வைக்க வேண்டும். பெயரில்லாத 'ஜீரோ கேஜ்' கேபிள்களில் தடித்த ரப்பருக்குள் கொஞ்சம் கம்பிதான் இருக்கும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் என்றால் அலுமினியம். வெளியே வெள்ளியாகவும் உள்ளே செம்பாகவும் இருந்தால் ஈயம் பூசிய நல்ல செம்பு.

பிரதான ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது ஆம்பைக் காப்பதற்கு இல்லை, கேபிளைக் காப்பதற்கு. கதவோரம் எங்காவது நசுங்கிப் பாடியில் ஷார்ட் ஆனால் பேட்டரி ஆயிரம் ஆம்பியர்கூடத் தள்ளும். கார்ப்பெட் எரிய நேரம் ஆகாது. இங்கே 1/0 கேபிளுக்கு 200 ஆம்பியர் ஏ.என்.எல். ஃப்யூஸ் (அதிகக் கரண்டுக்கான, போல்ட் போட்டு மாட்டும் வகை). டிக்கியில் ஃப்யூஸ் வைத்த டிஸ்ட்ரிபியூஷன் பிளாக், அதிலிருந்து மோனோவுக்கு 4 கேஜ், 125 ஆம்பியர் ஃப்யூஸ். நான்கு சேனலுக்கு 8 கேஜ், 50 ஆம்பியர் ஃப்யூஸ். ஆல்டர்னேட்டர் கேபிளுக்குத் தனி ஃப்யூஸ், பேட்டரி முனையருகே, ஆல்டர்னேட்டரின் முழு அளவைவிடப் பெரியதாக: 90க்கு 150. சிறியதாகப் போட்டு ஓட்டத்தில் அது எரிந்தால், சுமை திடீரென்று விட்டுப்போய் வோல்டேஜ் எகிறும், எலெக்ட்ரானிக்ஸ் அடிபடும்.

லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) பிடிப்பதில்தான் பெரும்பாலான கார்கள் தோற்கின்றன. சுத்தியலால் தட்டி நசுக்கியது, கட்டிங் பிளேயரால் அமுக்கியது எல்லாம் முதல் நாள் நன்றாகவே இருக்கும். பிறகு அதிர்வில் தளர்ந்து, சூடாகி, கறுக்கும். அறுகோண டை உள்ள ஹைட்ராலிக் கிரிம்பர் (லக்கைக் கேபிளோடு அமுக்கிப் பிடிக்கும் கருவி), ஈயம் பூசிய செம்பு லக், மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க். கிரிம்ப் செய்யாமல் சால்டர் மட்டும் வைக்காதீர்கள். ஈயம் கம்பிக்குள் ஏறி அந்த இடம் விறைத்துப்போகும், அதிர்வில் அதன் ஓரத்தில்தான் இழைகள் ஒடியும். கிரிம்ப் செய்ததை முழுப் பலத்தோடு இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் வெட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். ஃபயர்வாலைத் தாண்டும் இடத்தில் ரப்பர் கிராமெட் கட்டாயம். எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி, 30 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப். ஆல்டர்னேட்டர் பக்கம் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், இன்ஜின் ஆடும்.

ஆம்பின் எர்த் 50 சென்டிமீட்டருக்குள், பாசிட்டிவ் எந்த அளவோ அதே அளவு. பெயின்ட்டையும் பிரைமரையும் பளபளக்கும் இரும்பு வரை சுரண்டி, 8 மி.மீ. போல்ட், பல் வாஷர், நட் போட்டு இறுக்குங்கள். பிறகு சுற்றிலும் பெயின்ட் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் துரு அங்கிருந்து தொடங்கும். துளை போடுமுன் அடியில் குனிந்து பாருங்கள்; பெட்ரோல் டேங்க்கும் பிரேக் லைனும் அங்கேதான் ஓடும். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது. அது உயிர் காக்கும் பாகம்.

இவ்வளவும் முடிந்ததும் மறுபடி அளவெடுங்கள். கெபாசிட்டர், பேட்டரி, ஆல்டர்னேட்டர் பற்றிய பேச்சு இனிமேல்தான்.

கெபாசிட்டர் பற்றி ஒரே ஒரு கணக்கு. 100 ஆம்பியர் பற்றாக்குறை இருக்கும்போது 1 ஃபாரட் கெபாசிட்டர் 10 மில்லி விநாடியில் 1 வோல்ட் இழக்கும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரே ஒரு அலை 25 மில்லி விநாடி. ஒரு பேஸ் அடியின் முதல் அலை முடிவதற்குள்ளேயே அது காலி, பிறகு அதற்கும் சேர்த்து ஆல்டர்னேட்டர் சார்ஜ் தர வேண்டும்.

பேட்டரி ஓட்டத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டிபோலத்தான். வோல்டேஜ் 12.8க்குக் கீழே இறங்கிய பிறகே அது கொடுக்கத் தொடங்கும். 14 வோல்ட்டில் அதுவும் வாங்கிக்கொண்டுதான் இருக்கும். சிக்னலில் வரும் சில நிமிடப் பற்றாக்குறைக்கு ஏ.ஜி.எம். பேட்டரி (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் வகை) நல்ல துணை; உள் ரெசிஸ்டன்ஸ் குறைவு என்பதால் வோல்டேஜ் மெதுவாகவே இறங்கும். அதற்கு 14.4 முதல் 14.8 வரை சார்ஜிங் வோல்டேஜ் வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்பவர்களுக்கு மட்டும் டிக்கியில் இரண்டாவது பேட்டரி: அதே வகை, அசையாத பிடிப்பு, கேபிளின் இரு முனையிலும் ஃப்யூஸ், நடுவே இரு பேட்டரியையும் பிரித்துவைக்கும் ஐசோலேட்டர், வாயு வெளியேறக் குழாய். 60 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பாதியை எடுத்தால்கூட 40 ஆம்பியர் இழுவைக்கு முக்கால் மணி நேரம் தாங்காது.

வயரிங் சரியான பிறகும் ஐடிலில் 12.5 தான் என்றால், வண்டி நிற்கும்போது வால்யூமைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியுமென்றால் இந்த 1000 வாட்டுக்கு ஆல்டர்னேட்டரை மாற்றத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. மாற்றியே ஆக வேண்டுமென்றால், 200 ஆம்பியர் என்ற உச்ச எண்ணைப் பார்க்காமல், சூடான நிலையில் ஐடிலில் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 14 வோல்ட்டில் 200 ஆம்பியர் என்றால் 2800 வாட்; இழப்போடு பெல்ட்டிலிருந்து ஆறு குதிரைத்திறன் போகும். பழைய பெல்ட் கீச்சிடும், வழுக்கும். ஐடிலில் கூடுதலாக எடுக்கச் சிறிய புல்லி போடுபவர்கள், இன்ஜின் 6000 ஆர்பிஎம் தொடும்போது விகிதம் 3 என்றால் தண்டு 18,000 சுற்றுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பல ஆல்டர்னேட்டர்களுக்கு அதுவே எல்லை. ஈசியூ கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ள கார் என்றால், புதியதும் அதே சிக்னலைப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி விளக்கு எரிந்தபடியே இருக்கும்.

ஆம்பின் கெயினை (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற அமைப்பு) கடைசியில், இன்ஜின் ஓடும்போது, புதிய வோல்டேஜில் அமைக்க வேண்டும். ரெகுலேட்டட் அல்லாத ஆம்ப் வோல்டேஜ் இறங்கினால் பவரைக் குறைத்துச் சீக்கிரம் கிளிப் ஆகும் (அலையின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி சிதையும்). ரெகுலேட்டட் ஆம்ப் அதே பவருக்கு இன்னும் அதிகக் கரண்ட் இழுத்து வோல்டேஜை மேலும் கீழே தள்ளும்.

ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் விசில் வந்தால் ஆர்சிஏவை ஆம்பிலிருந்து பிடுங்குங்கள். சத்தம் நின்றால் கோளாறு ஸ்டீரியோ பக்க எர்த்தில் அல்லது பவர் கேபிளோடு ஒட்டி ஓடும் ஆர்சிஏவில். நிற்காவிட்டால் ஆம்பின் எர்த்தைத் திறந்து பாருங்கள். அதோடு மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் அளவெடுங்கள்: 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி, 0.5 தாண்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு போயிருக்கலாம். இரண்டு வாரம் ஓட்டிய பிறகு எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கி, நல்ல வால்யூமில் ஓட்டி நிறுத்தியதும் ஃப்யூஸ் ஹோல்டரின் வெளி பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது ஹோல்டரே மட்டமானது.