மழைக்கு முன்னால் வாங்கிவிடுங்கள்
ஐப்பசி நெருங்குகிறது. அரிசி, பால் பவுடர், மெழுகுவர்த்தி வாங்கி வைக்கும் வீடுகளில்கூட நாப்கின் பாக்கெட் பட்டியலில் வருவதில்லை. 2015 வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் வெள்ளம் சூழ்ந்த வீடுகளின் மாடியில் இருந்த பெண்களை நினைத்துப் பாருங்கள். கடை இல்லை, கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீரும் இல்லை. மாதவிலக்கு மழை பார்த்து வருவதில்லையே!

வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரு மாதத்துக்கானதை இப்போதே வாங்கி, தண்ணீர் புகாத கவரில் கட்டிப் பரணில் வையுங்கள். துணி பயன்படுத்துபவர்களும் கொஞ்சம் நாப்கின் வைத்திருப்பது நல்லது, அடைமழையில் துணி காயாது. சுற்றிப் போடப் பழைய பேப்பர், குப்பைக் கவர் கட்டாயம் வேண்டும். படுத்த படுக்கையாகப் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கான டயப்பரும் வேண்டும். அப்புறம் சோப்பு, டெட்டால், பிளாஸ்டர். காலில் சின்னக் காயம் இருந்தாலும் வெள்ளநீர் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போய்விடும்.

தண்ணீர் வடிந்ததும் தரை கழுவ பிளீச்சிங் பவுடர் போதும். அதோடு பாத்ரூம் ஆசிட்டை மட்டும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், ஆபத்து.

நிவாரணம் கொண்டுபோகும் தம்பி தங்கைகளே, பிரெட், போர்வையோடு நாப்கினும் புது உள்ளாடையும் சேர்த்துக் கட்டுங்கள். பெண்கள் கையில் பெண்களே கொடுத்தால் கேட்டு வாங்கக் கூச்சம் இருக்காது.