குளிர்பெட்டியின் சென்சர் வயரை நீட்டும்போது

ஆய்வுகூடத்தில் குளிர்பெட்டியின் இடம் மாறினாலோ, அளவு காட்டும் கருவியை அடுத்த அறைக்குக் கொண்டுபோனாலோ முதலில் எட்டாமல் போவது சென்சர் வயர்தான். கையில் கிடைத்த வயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டால் கருவி உடனே ஓர் எண்ணைக் காட்டும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மின்குமிழின் வயர் பிழைத்தால் குமிழ் எரியாது, உடனே தெரிந்துவிடும். சென்சர் வயர் பிழைத்தால் நம்பத்தகுந்த ஒரு பொய் எண் வரும். 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டிய தடுப்பூசியை அந்த எண்ணை நம்பித்தான் வைத்திருக்கிறோம்.

வயர் வாங்கப் போகுமுன் என்ன சென்சர் என்று தெரிய வேண்டும். கருவியிலிருந்து கழற்றி மல்டிமீற்றரால் தடையை அளந்து பாருங்கள். நம் பக்கத்து அறை வெப்பநிலையான 30 பாகையில் ஏறத்தாழ 111.7 ஓம் காட்டினால் அது பிளாற்றினம் சென்சர், பிடி-100. 8 கிலோ ஓம் அளவில் இருந்தால் 10 கே என்ரிசி தெர்மிஸ்டர், அதாவது 25 பாகையில் 10 கிலோ ஓம் இருந்து, சூடு ஏற ஏறத் தடை குறையும் சென்சர். வயரின் நீளத்தைப் பொறுத்துச் சில ஓம் மட்டும் காட்டினால் தெர்மோகப்பிள், பாடப்புத்தகத்தில் வெப்பவிணை என்று படித்தது. மூன்று வயரோடு வந்து, இவற்றில் எதற்கும் பொருந்தாத அளவு காட்டினால் பெரும்பாலும் டிஎஸ்18பி20 போன்ற டிஜிட்டல் சென்சராக இருக்கும்.

பிடி-100இல் ஒரு பாகைக்குத் தடை 0.385 ஓம்தான் மாறுகிறது. 0.22 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பிக்கு மீற்றருக்கு 0.08 ஓம் தடை உண்டு. இரண்டு வயர் இணைப்பில் 10 மீற்றர் நீட்டினால் போக வர 20 மீற்றர், 1.6 ஓம். 5 பாகையில் இருக்கும் பெட்டி 9 பாகை என்று காட்டும். கருவியில் 4 பாகையைக் கழித்து வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் செய்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. செம்பின் தடையும் வெப்பத்தோடு ஏறும். ஏசி நின்று அறை 15 பாகை சூடானால் அந்த 1.6 ஓம் மேலும் 0.09 ஓம் கூடி, கால் பாகை பிழை திரும்பி வரும். மூன்று வயர் அல்லது நான்கு வயர் சென்சர்தான் இதற்குத் தீர்வு; மேலதிகக் கம்பியைக் கொண்டு கருவி வயரின் தடையைக் கணக்கிட்டு நீக்கிவிடும். மூன்று வயரிலும் கருவி தன் கணக்கைச் சரியாகப் போட வேண்டுமென்றால் மூன்று கம்பியும் ஒரே கேபிளில், ஒரே தடிப்பில், ஒரே நீளத்தில் ஓட வேண்டும். ஒரு கம்பியின் மூட்டு மட்டும் தளர்ந்து 0.4 ஓம் கூடினாலே ஒரு பாகை போய்விடும். ஒரே நிறத்தில் வரும் இரண்டு வயர்களும் சென்சரின் ஒரே முனையிலிருந்து வருபவை, அவற்றுக்கிடையே ஓரிரு ஓம்தான் இருக்கும். மாற்றிப் பூட்டாதீர்கள்.

தெர்மோகப்பிளுக்குச் செம்பு வயர் கூடவே கூடாது. எந்த உலோகச் சோடி என்பதைப் பொறுத்து அதில் கே, ரி என்று வகைகள் உண்டு: கே வகைக்குக் கே வகை நீட்டல் கேபிள், ரி வகைக்கு ரி வகை. மூட்டில் போடும் பிளக்கும் அதே வகையாக இருக்க வேண்டும். காரணம் எளிது. தெர்மோகப்பிள் தன் இரு முனைகளின் வெப்பநிலை வித்தியாசத்தையே அளக்கிறது. செம்பில் மாற்றிய இடமே புதிய முனையாகிவிடுகிறது, கருவியோ தன் முதுகில் வயர் பூட்டும் இடத்து வெப்பநிலையைத்தான் கணக்கில் எடுக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே மூட்டுப்பெட்டி 38 பாகையிலும், ஏசி அறையில் கருவி 24 பாகையிலும் இருந்தால், வித்தியாசமான 14 பாகை அப்படியே வாசிப்பில் குறையும். மைனஸ் 10க்கு ஏறிவிட்ட உறைபெட்டி மைனஸ் 24 என்று காட்டி நிற்கும், அலாரம் அடிக்காது. சரியான கேபிளை வாங்கி இரண்டு முனையிலும் நேர், மறையை மாற்றிப் பூட்டினால் பிழை இரட்டிப்பாகி 28 பாகை. நிறத்தைப் பார்த்துப் பூட்டும்போது கவனம்: அமெரிக்க முறையில் சிவப்பு மறை முனை, சர்வதேச முறையில் வெள்ளை மறை, கே வகைக்குப் பச்சை நேர், ரி வகைக்குக் கபிலம் நேர். கல்முனையிலோ காத்தான்குடியிலோ இந்தக் கேபிள் கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து வரும்வரை பொறுங்கள், இடைக்காலத்துக்கு என்று செம்பைப் போட வேண்டாம்.

என்ரிசி தெர்மிஸ்டருக்கு வயரின் தடை பொருட்டே இல்லை. 25 பாகையில் ஒரு பாகைக்கு 440 ஓம் அளவில் மாறும் சென்சருக்கு இரண்டு ஓம் என்ன செய்யும்? சாதாரண இரண்டு கம்பிக் கேபிள் போதும். ஆனால் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் நமக்கு இதில்தான் அதிக தொல்லை. மைனஸ் 20இல் இந்தச் சென்சர் 100 கிலோ ஓமுக்குக் கிட்ட இருக்கும். மூட்டில் ஈரமும் உப்பும் சேர்ந்து இரு கம்பிக்கும் இடையே ஒரு மெகா ஓம் கசிவு உண்டானால் வாசிப்பு ஒன்றரை பாகை அளவு சூடாகக் காட்டும். கச்சான் காற்றில் காய்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்த மூட்டு மாரி தொடங்கியதும் அலையும். கரண்ட் டேப்பின் பசை வெக்கையில் உருகி வழிந்துவிடும், உள்ளே செம்பு களிம்பு பிடிக்கும். ஆகவே மூட்டுக்கு டேப் வேண்டாம்.

சூடாக்கினால் இறுகும் சுருங்கு குழாயை முதலில் கேபிளில் கோர்த்துவிடுங்கள், பிறகு கோர்க்க முடியாது. கம்பிகளை ஒரே இடத்தில் வெட்டாமல் ஒன்றுக்கொன்று 15 மில்லிமீற்றர் தள்ளி வெட்டினால் மூட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் விழாது. முறுக்கி ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். ரெசின் உள்ள ஈயமே போதும், அமிலப் பசை தொடக்கூடாது, அது மிஞ்சியிருந்து செம்பைத் தின்னும். ஒவ்வொரு கம்பிக்கும் தனிக் குழாய், மேலே மொத்தமாக உட்புறம் பசை பூசிய தடித்த குழாய். சுருக்கும்போது இரு முனையிலும் பசை பிதுங்கி வருவதைப் பார்க்க வேண்டும். ஈயம் வைக்க வசதியில்லாத இடத்தில் தொலைபேசிக் கம்பிக்குப் போடும் ஜெல் நிறைத்த சிறு கனெக்டர் நல்லது. தெர்மோகப்பிளை மட்டும் பற்றவைக்காமல் அதே வகை பிளக்கால் சேருங்கள்.

டிஎஸ்18பி20 எண்ணாகவே அனுப்புவதால் கம்பியின் தடை வாசிப்பைத் திரிக்காது. கேட் 5 கேபிளில் ஒரு சோடியில் டேட்டாவும் கிரவுண்டும், இன்னொரு சோடியில் 5 வோல்ட்டும் கிரவுண்டும் கொடுங்கள். டேட்டாவுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே போடும் இழுப்புத் தடை 4.7 கிலோ ஓம், நீளம் கூடித் தடுமாறினால் 2.2 கிலோ ஓம் வரை குறைக்கலாம். பல சென்சர் என்றால் ஒரே கேபிளில் வரிசையாகக் கோர்த்துவிடுங்கள், நடுவிலிருந்து கிளை பிரிக்காதீர்கள். வாசிப்பு 85 என்று வந்தால் மின் விட்டுவிட்டு வருகிறது, மைனஸ் 127 என்றால் தொடர்பு அறுந்திருக்கிறது.

ஓட்டும் பாதையைப் பற்றி: மூட்டு குளிர்ப்பக்கத்துக்குள் இருக்கக்கூடாது. பெட்டியின் துளையைப் புட்டிப் பசையால் அடைக்காவிட்டால் ஈரக்காற்று உள்ளே இழுபட்டு வயர் நெடுக வியர்க்கும். கருவிக்குள் ஏறுமுன் கேபிளைக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். உறைபெட்டிக்குள் பிவிசி உறை விறைத்து வெடிக்கும், சிலிக்கோன் அல்லது ரெஃப்லோன் உறை வேண்டும். 230 வோல்ட் வயரிலிருந்து ஓர் அடி விலக்குங்கள், கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்கட்டும். கேபிளைச் சுற்றியிருக்கும் கவசக் கம்பியைக் கருவிப் பக்கத்தில் மட்டும் கிரவுண்டில் இணையுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், முடிந்தால் சென்சர் வயரை நீட்டவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கருவியைப் பெட்டிக்குப் பக்கத்தில் பூட்டி, எண்ணாகிவிட்ட பிறகுள்ள வயரை நீட்டுங்கள். நெற்வேர்க் கேபிள் 100 மீற்றர் வரை ஓடும், பிழை சேராது. பிடி-100க்கோ தெர்மோகப்பிளுக்கோ தூரம் கூடினால் சென்சர் தலையிலேயே, வாசிப்பை மின்னோட்டமாக மாற்றி அனுப்பும் 4–20 மில்லிஅம்பியர் டிரான்ஸ்மிற்றர் வைக்கலாம்.

நீட்டியே ஆக வேண்டுமென்றால் நீட்டுமுன்னும் பின்னும் சோதியுங்கள். சுத்தமான தண்ணீரில் செய்த ஐஸை நொறுக்கி, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் விட்டு, சென்சரை நடுவில் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள்; 0 பாகை காட்ட வேண்டும். இரண்டு வாசிப்பையும் திகதியோடு எழுதுங்கள்; வயர் மாறியதால் பழைய கலிபிரேஷன் சான்றிதழ் இந்த இணைப்புக்குச் செல்லாது. சென்சர் ஐஸில் இருக்கும்போதே மூட்டைத் தலைமயிர் உலர்த்தியால் சூடாக்குங்கள். தெர்மோகப்பிளில் வாசிப்பு கீழே இறங்கினால் கேபிள் வகை பிழை. பிறகு மூட்டைக் குலுக்கிப் பாருங்கள். என்ரிசியாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு: உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை மூட்டில் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள், ஐஸ் கரையக் கரைய நிரப்பிக்கொண்டே இருங்கள். வாசிப்பு மெல்ல மேலே நகர்ந்தால் அந்த மூட்டை வெட்டிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.