அடுத்தாள் வேலை

சென்ற ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, காரைக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒரு பொறியியல் மாணவன் தன் தாயாருடன் வந்தான். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஆய்வக ரெக்கார்டு நோட்டை அவன் முழுவதும் எழுதி முடித்திருந்தான். படங்கள்கூட ஸ்கேல் வைத்து, பென்சில் சீவிச் சீவி வரையப்பட்டிருந்தன. ஆனால் கையெழுத்து வாங்க வேண்டிய நாளில் நோட்டு வீட்டு மேசையில் கிடந்தது. மறுநாள் எடுத்துச் சென்றபோது ஆசிரியர் விடுப்பில் இருந்தார். அதன்பின் மூன்று வாரம் அந்த நோட்டு அவன் பைக்குள்ளேயே கல்லூரிக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. அக மதிப்பெண் கைவிட்டுப் போயிற்று. “சோம்பேறி சார், வேற ஒண்ணும் இல்ல” என்றார் தாயார். பையன் மறுத்துப் பேசவில்லை. தன்னைப் பற்றி அவனும் அப்படித்தான் முடிவு கட்டி வைத்திருந்தான்.

அறுபது பக்கம் எழுதியவனைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? எழுதும் வேலை நடந்திருக்கிறது. எழுதியதை உரிய நாளில் உரிய கையில் சேர்க்கும் வேலைதான் நடக்கவில்லை. இந்த இரண்டாவது வேலைக்கு உளவியலில் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்று பெயர். தமிழில் இதை ‘நிர்வாகச் செயல்பாடு’ என்று எழுதுகிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு அலுவலகமும் கோப்புகளும்தான் நினைவுக்கு வருகின்றன. எங்கள் பக்கத்தில் கோயில் காரியங்களை முன்னின்று நடத்துபவரைக் காரியக்காரர் என்போம். அவர் மேளம் வாசிப்பதில்லை, பூக்கட்டுவதில்லை, மடைப்பள்ளியில் கரண்டி பிடிப்பதும் இல்லை. ஆனால் எது முன்னே, எது பின்னே, யாரை எப்போது அழைக்க வேண்டும், எதை இன்றைக்கு நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அவர் பொறுப்பு. மூளைக்குள் இருக்கும் காரியக்காரர் என்று சொன்னால் இவ்வூர்ப் பெற்றோருக்கு உடனே விளங்கிவிடுகிறது.

அகிரா மியாகேயும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, இந்தத் திறனை மூன்றாகப் பிரித்துக் காட்டியது: வேண்டிய தகவலை மனத்தில் ஏந்தி அவ்வப்போது புதுப்பித்துக்கொள்வது, எழும் உந்துதலை அடக்குவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றுவது. மூன்றும் உறவுள்ளவை, ஆயினும் தனித்தனியானவை. ஒருவருக்கு முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது தடுமாறலாம். ஆகவே எல்லாருக்கும் ஒரே மருந்து பலிக்காது. இவற்றுக்கெல்லாம் பெரிதும் துணைநிற்பது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி. அது முதிர்ந்து முடிய இருபது வயதைத் தாண்டி மேலும் சில ஆண்டுகள் ஆகும். பத்தொன்பது வயதுப் பையனிடம் நாற்பத்தைந்து வயதுக்காரரின் ஒழுங்கை எதிர்பார்த்து, அது இல்லாதபோது குணக்கேடு என்று பட்டம் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1848இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ரயில்பாதைக்காகப் பாறை உடைக்கும் வேலையில் இருந்த ஃபினியாஸ் கேஜ் என்பவரின் மண்டையை இரும்புக் கம்பி ஒன்று துளைத்துச் சென்றது. அவர் பிழைத்துக்கொண்டார், பேசினார், நடந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்த ஹார்லோ 1868இல் எழுதிய குறிப்பில், இவர் பல திட்டங்கள் போடுகிறார், போட்ட கையோடு அவற்றைக் கைவிடுகிறார் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. கேஜைப் பற்றிப் பின்னாளில் கட்டுக்கதைகள் பெருகிவிட்டன என்றாலும் அந்த வரியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. திட்டம் போடத் தெரிவதும் போட்ட திட்டத்தை விடாமல் பிடித்துக்கொள்வதும் வேறுவேறு என்பதை அது காட்டிக் கொடுக்கிறது.

வங்கிப் பணியிலிருந்து வெளியே வந்தபின் மாணவர்களுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கும் இந்தக் காரியக்காரரை வளர்த்துக்கொள்ளும் பயிற்சியை நான் தொடங்கியபோது, எனக்கு வழிகாட்டியது பயிற்சி வகுப்பில் கேட்ட பாடம் அன்று. எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், சொன்ன கதைகள்தாம். அவர் சிறுவயதில் ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். கடையில் படிப்படியாக வரிசை உண்டு: பெட்டியடிப் பையன், அவனுக்கு மேலே அடுத்தாள், அவருக்கும் மேலே கடையை நடத்தும் மேலாள். பையனை உட்கார வைத்து யாரும் ஒழுங்கைப் பற்றி உபதேசம் செய்யவில்லை. அன்றன்றைய வரவும் பற்றும் குறிப்பேட்டில் ஏறும். அங்கிருந்து பேரேட்டுக்குப் போகும். குறித்த காலத்தில் ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு, எடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்புவார்கள். மாலையில் பெட்டியில் உள்ள இருப்பும் ஏட்டில் உள்ள இருப்பும் ஒன்றாகும்வரை இலை போட மாட்டார்கள் என்று ஐயா சொல்வார். முந்திரி, காணி, மா என்று பின்ன வாய்ப்பாட்டை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள்தாம் அவர்கள். அவ்வளவு நினைவாற்றல் இருந்தும் கடைக் கணக்கில் எதையும் நினைவை நம்பி விடவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. ஐயா 1942இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். ஆனாலும் தன் கடைசி நாள்வரை படுக்கப் போகுமுன் ஒரு சிட்டையில் நான்கு வரியாவது எழுதினார்.

ஒரே நேரத்தில் மனிதர் மனத்தில் ஏந்தக்கூடியவை ஏறத்தாழ நான்குதான் என்பது நெல்சன் கோவன் 2001இல் முன்வைத்த மதிப்பீடு. அந்த நான்கு இடத்தையும் ‘மறக்கக் கூடாதவை’ வந்து அடைத்துக்கொண்டால் சிந்திக்க எங்கே இடம்? ஆகவே என் பயிற்சியில் முதல் வேலை தலைக்குள் இருப்பதை வெளியே எடுத்து வைப்பது. எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது தரையில் பதிக்கும் வண்ணச் சிமெண்டுக் கல், செய்யும் பட்டறை நடத்தும் தம்பி ஒருவர் வந்தார். வேலையில் கெட்டிக்காரர். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சைத் தூக்கி, உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, ஈரக் கலவையை வைத்துச் சமன் செய்வதில் அவர் கைக்கு ஒருநாளும் வரிசை தப்பியதில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்கள் மட்டும் தப்பிக்கொண்டே இருந்தன. மதுரை வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய கல் பட்டறையிலேயே கிடக்கும். கோயம்புத்தூர்க்காரர் கேட்ட பச்சை, சிவப்பாகிவிடும். “கல்லு போடுறப்ப மறக்க மாட்டேங்குது, ஆர்டரு மட்டும் ஏண்ணே மறக்குது?” என்று அவரே கேட்டார். அந்தக் கேள்வியிலேயே விடை இருந்தது. கல்லின் அடுத்த கட்டம் அவர் கண்ணெதிரே கிடக்கிறது. குழம்பு ஊற்றிய அச்சைப் பார்த்தாலே அடுத்து என்ன என்பது தெரிந்துவிடும். ஆர்டரோ, பேரன் பிறந்தநாள் படங்களுக்கும் காலை வணக்கங்களுக்கும் அடியில் புதைந்து கிடக்கிறது.

செல்பேசியில் புதிய செயலி எதையும் நான் ஏற்றித் தரவில்லை. கற்களை ஊறப்போடும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் மூன்று ஆணி அடித்தோம். ஊற்ற வேண்டியது, ஊறுவது, ஏற்ற வேண்டியது. ஒவ்வோர் ஆர்டருக்கும் ஓர் அட்டைச் சீட்டு. சீட்டு ஆணியிலிருந்து ஆணிக்கு நகரும். கூடவே ஒரே ஒரு வாக்கியத்தை அவர் கையாலேயே எழுதச் சொன்னேன்: “போனில் ஆர்டர் வந்தால், போனைச் சட்டைப்பையில் வைக்குமுன் சீட்டு எழுதுவேன்.” இது நடந்தால் அது செய்வேன் என்று சூழ்நிலையோடு செயலைக் கட்டிவைப்பது வெறும் தீர்மானத்தைவிட நன்றாகப் பிடிக்கிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விரிவாக எழுதியிருக்கிறார். காலையில் தொட்டிக்குப் போகாமல் அவருக்கு நாள் தொடங்காது. ஆகவே அந்தச் சுவரைப் பார்க்காமலும் தொடங்காது.

மூளைக்குப் பயிற்சி என்ற பெயரில் விற்கப்படும் கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பெற்றோர் கேட்பதுண்டு. விளையாட விளையாட அந்த விளையாட்டில் தேர்ச்சி வரும். அது அன்றாடக் காரியத்துக்குத் தாண்டி வருவது அரிது. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல சுவர்க்கடிகாரம் வாங்கலாம் என்பது என் கருத்து. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். சிறுவயது முதல் வீடு, பள்ளி என்று எல்லா இடத்திலும் இந்தத் தடுமாற்றம் இருந்திருந்தால் ஏடிஎச்டி என்னும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு இருக்கக்கூடும். அங்கே முதலில் தேவை மனநல மருத்துவர், என்னைப் போன்றவர் அதன் பிறகுதான். இரவு இரண்டு மணிவரை விழித்திருப்பவருக்கோ மருத்துவரும் வேண்டாம், நானும் வேண்டாம், தூக்கம் போதும்.

நான் செய்த பெரிய பிழை ஒன்று உண்டு. போட்டித் தேர்வுக்குப் படித்த ஒரு பெண்ணுக்குத் தினமும் காலை ஆறரை மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் நானே செய்தி அனுப்பி வந்தேன். இரண்டு மாதம் அட்டவணை ஒரு நாள்கூடப் பிசகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு உறவுக்காரர் திருமணத்துக்காகப் பத்து நாள் நான் ஊரில் இல்லை, செய்தியும் அனுப்பவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அந்தப் பத்து நாளில் அவர் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டிருக்க வேண்டியவன் நான். அவருக்கு ஒரு காரியக்காரரை வளர்த்துவிடுவதாக நினைத்துக்கொண்டு நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தாய்மார்கள் அன்பினால் செய்வதை நான் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறேன். அடுத்தாள் பக்கத்தில் உட்கார வேண்டியவர். பெட்டியடிப் பையனின் கையிலிருந்து பேனாவை வாங்கி எழுத வேண்டியவர் அல்லர். இப்போது முதல் சந்திப்பிலேயே எந்த வாரத்திலிருந்து நான் கேட்பதைக் குறைப்பேன், எப்போது நிறுத்துவேன் என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறோம்.

பொறியியல் பையனுக்கு வருவோம். அவனுடைய நோட்டுக்கு வாசல் நிலைக்கு அருகே, செருப்பு விடும் இடத்துக்கு மேலே, ஒரு மாடத்தை ஒதுக்கினோம். செருப்பு மாட்டும்போது கண்ணில் படாமல் இருக்க முடியாது. தாயார் நினைவூட்டக் கூடாது என்பது நிபந்தனை. அதைக் கடைப்பிடிக்கப் பையனைவிட அவருக்குத்தான் அதிகச் சிரமமாக இருந்தது. அதோடு ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டி ஊகித்து ஒரு பத்தியிலும், உண்மையில் ஆன நேரத்தை அடுத்த பத்தியிலும் எழுதச் சொன்னேன். ரோஜர் பியூலரும் உடனிருந்தவர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாகச் சுமார் 34 நாள் ஆகும் என்று மாணவர்கள் ஊகித்தார்கள். ஆனதோ 55 நாளுக்கு மேல். இதை அவனிடம் சொன்னபோது முதன்முறையாகச் சிரித்தான். தான் மட்டும் அப்படி இல்லை என்பது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

போன வாரம் அந்த நேரக் கணக்கை எழுதிய நோட்டைக் காட்டினான். வேதியியல் ரெக்கார்டுக்கு முதல் வாரம் ஒரு மணி நேரம் என்று ஊகித்திருக்கிறான். ஆனது இரண்டு மணி ஐம்பது நிமிடம். அடுத்த வாரம் ஒன்றரை என்று எழுதி, இரண்டே முக்கால் ஆகியிருக்கிறது. மூன்றாவது வரியில் ‘ஒன்றரை’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘மூன்று’ என்று எழுதியிருந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. அவனே, “சார், சனிக்கிழமை கிரிக்கெட்டுக்கு வரலன்னு பசங்ககிட்ட வியாழக்கிழமையே சொல்லிட்டேன்” என்றான்.