அப்பத்தாவின் அளவு நோட்டு

2 மார்ச் 2025

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அப்பத்தாவைப் பற்றி ஒரே மூச்சில் எழுத எனக்குத் தெம்பில்லை. நினைவு வரும்போதெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

மதுரையில் எங்கள் தெருவுக்கு அவள் தையக்காரம்மா. தாத்தா தவறியபோது அப்பாவுக்கு நாலு வயது, அத்தை கைக்குழந்தை. தோட்டை அடகு வைத்து ஒரு பழைய சிங்கர் மிஷின் வாங்கினாள். அதுவரை அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கைத்தையல்தான். புதுமண்டபத்தில் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் துணி வெட்டும்போது, பக்கத்தில் நின்று பார்த்தே வெட்டக் கற்றுக்கொண்டாளாம். தினமும் வந்து நிற்கிறாளே என்று அவர்தான் முதல் வேலையையும் கொடுத்தார்.

9 மார்ச் 2025

இன்று புதுமண்டபம் வழியாக வந்தேன். மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டியது. அந்தச் சிற்பத் தூண்களுக்கு நடுவே வரிசையாக மிஷின் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு நல்லதுதான், ஆனாலும் மனது கேட்கவில்லை.

அப்பத்தா அங்கே கடை போட்டதில்லை. கடைக்காரர்கள் துணியைக் கொடுத்துவிடுவார்கள், வீட்டில் தைத்துக் கொடுப்பாள். அம்மன் பாவாடை, சப்பரத்துக்குத் தொங்கவிடும் தொம்பை, சித்திரைத் திருவிழா நெருங்கினால் கள்ளழகர் வேடம் போடுகிறவர்களுக்குச் சல்லடம் என்கிற அரைக்கால் உடை, இடுப்பில் கட்டும் கச்சை. பங்குனி பிறந்துவிட்டால் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக வெட்டுத்துணி, பாயில் ஜிகினா, சோற்றிலும் ஜிகினா. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த ஒரு மாதக் கூலியில்தான் அப்பாவின் வருஷப் படிப்புச் செலவு போனது.

30 மார்ச் 2025

மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். ஷட்டிலுக்கு அடியில் பஞ்சுப் பிசிர் அடைந்திருந்தது. இந்த மிஷின் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் செய்தது. அந்தத் தொழிற்சாலையை 1980இல் மூடிவிட்டார்கள். இங்கே பெல்ட் மட்டும் மாற்றினால் போதும், ஓடிவிடும்.

13 ஏப்ரல் 2025

அவள் ரவிக்கையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. டூ பை டூ ரூபியா துணிதான் அவளுக்குப் பிடிக்கும். லைனிங் துணியை நனைத்துக் காயவைக்காமல் கத்தரியைத் தொடமாட்டாள். முன்பக்கத் துண்டை எப்போதும் கிராஸாகத்தான் வெட்டுவாள். துணியை மூலைவாட்டில் வெட்டினால் அது கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும், உடம்போடு படியும்.

உள்ளே பக்கத் தையலில் ஒன்றரை இஞ்சாவது துணி விடுவாள். ஒன்றுக்கு இரண்டாக, சில சமயம் மூன்றாகத் தையல் ஓட்டியிருப்பாள். “பொம்பள ஒடம்பு ஒரே மாதிரி இருக்காதுத்தா. ஊதும், வத்தும். ஒவ்வொரு தடவையும் புதுசு தைக்கக் காசு இருக்குமா?” என்பாள். பிள்ளை உண்டானால் ஒரு தையலைப் பிரித்தால் போதும். இப்போது கடைகளில் தைத்து வாங்கும் ரவிக்கைகளில் உள்ளே அரை இஞ்ச் விட்டிருந்தாலே பெரிய விஷயம். எனக்கு அது கோபமாகவே இருக்கிறது.

20 ஏப்ரல் 2025

பீரோவில் அவளுடைய அளவு நோட்டு கிடைத்தது. கோடு போட்ட கணக்கு நோட்டு. ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். யார் பேரும் இல்லை. ‘மாடி வீடு’, ‘பூக்காரி’, ‘ரெட்டைப்பிள்ளை’, ‘சின்ன டீச்சர்’. கீழே நீளம், மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கை சுற்று. பழைய அளவை அழிக்கவே மாட்டாள், பக்கத்திலேயே புதியதை எழுதுவாள்.

‘ரெட்டைப்பிள்ளை’ பக்கத்தில் மார்பு அளவு 32 என்று தொடங்குகிறது. அப்புறம் 36, 38, 35. யாரும் சொல்லாமலே ஒரு கல்யாணமும் பிரசவமும் தெரிகிறது. ‘சின்ன டீச்சர்’ பக்கத்தில் 38இல் இருந்து 33க்கு இறங்கி, பக்கத்தில் பென்சிலால் ‘இடது பஞ்சு’ என்று எழுதியிருக்கிறது. அத்தையிடம் கேட்டேன். “அதை அவங்ககிட்டத்தான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டாள்.

12 மே 2025

அழகர் இன்று வைகையில் இறங்கினார். சல்லடம் கட்டிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சியவர்களின் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். எது அப்பத்தா தைத்ததாக இருக்கும் என்று.

25 மே 2025

டீச்சரே வந்தார்கள், கையில் ஒரு துணிப்பையுடன். இதை எழுதலாமா என்று கேட்டேன். “தாராளமா எழுது. பேரு மட்டும் வேண்டாம்” என்றார்கள்.

புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அதற்கென்று விற்பதை வாங்க அப்போது அவர்களிடம் வசதியில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறார்கள். விஷயம் கேள்விப்பட்ட அப்பத்தா, இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு தானே அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். கதவைச் சாத்திவிட்டு அளவெடுத்தாளாம். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லையாம். “கையைத் தூக்கினா வலிக்குதா?” என்று மட்டும் கேட்டிருக்கிறாள். வலித்ததால் கொக்கியை முன்பக்கம் வைத்து, கை வளைவைத் தளர்த்தித் தைத்தாள்.

இடது பக்கம் உள்ளே ஒரு சிறு பை. அதற்குள் வைக்க இலவம்பஞ்சு அடைத்த ஒரு திண்டு. வெறும் பஞ்சு லேசாக இருப்பதால் ரவிக்கை மேலே ஏறிக்கொண்டதாம். மறுவாரமே நடுவில் கொஞ்சம் கடுகு வைத்துக் கட்டிக் கனம் சேர்த்திருக்கிறாள். துவைக்கும்போது திண்டைத் தனியாக எடுத்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லும்போது டீச்சர் சிரித்தார்கள். நான்தான் அழுதேன். வெளியில் எவ்வளவோ நல்ல பொருட்கள் வந்தும் டீச்சர் அதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஓய்வு பெறும்வரை வருஷத்துக்கு ஒரு திண்டு அப்பத்தா மாற்றிக் கொடுத்திருக்கிறாள், காசு வாங்காமல். இத்தனை வருஷத்தில் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பையில் கடைசித் திண்டு இருந்தது. ஓரம் நைந்து கடுகு கொட்டுகிறது. மல் துணியை இரட்டையாக மடித்துப் புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்தேன். அமுக்கிப் பார்த்துவிட்டு, “உங்க அப்பத்தா இன்னும் கொஞ்சம் அழுத்தி அடைப்பாங்க” என்றார்கள். சரி என்று தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். புதன்கிழமை கொடுத்துவிட வேண்டும்.