கவரில் மாற்றி எழுதிய மாத்திரை: நுகர்வோர் ஆணையம் வரை போன அனுபவம்

அம்மாவுக்கு முடக்குவாதம். முக்கூடல் பக்கம் சின்ன வயதிலிருந்தே பீடி சுற்றியவள். விரல் மூட்டுகள் வீங்கி, இலை வெட்டக் கத்தரி பிடிக்க முடியாமல் போனதும் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள், போலிக் அமிலம் என்ற வைட்டமின் மாத்திரை மற்ற நாட்களில் என்று எழுதிக் கொடுத்தார். 'புதன் மட்டும்' என்பது சீட்டில் தெளிவாகவே இருந்தது. மருந்துக் கடையில் நின்ற பையன் மாத்திரைக் கவரின் மேல் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டான். சீட்டில் இருக்கும் ஆங்கிலம் அம்மாவுக்கு வாசிக்க வராது. கவரில் தமிழில் எழுதியிருந்தபடியே தினமும் மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டாள்.

வாய் முழுக்கப் புண், காய்ச்சல், கஞ்சி கூட இறங்கவில்லை. ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் வெள்ளை அணுவும் தட்டணுவும் சரிந்து கிடந்தன. மெத்தோட்ரெக்சேட், வேகமாகப் பெருகும் செல்களுக்குத் தேவையான போலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கிறது. அதனால் அளவு கூடினால் வாயின் உள்தோலும் எலும்பு மஜ்ஜையும் முதலில் அடிவாங்கும். "வீட்டுல சாப்பிடுத மாத்திரை அத்தனையையும் கவரோட கொண்டாங்க" என்று டியூட்டி டாக்டர் கேட்டார். கவரைப் பார்த்த உடனே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மெத்தோட்ரெக்சேட்டின் பாதிப்பைத் தணிக்கும் போலினிக் அமில ஊசி போட்டார்கள். அம்மா பிழைத்தாள்.

அந்தக் கவர்தான் பிறகு வழக்கின் உயிர். கவர், மீதி மாத்திரையோடு அட்டை, பில், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் தம்பி போட்டோ எடுத்து, ஒரு பையில் போட்டுப் பூட்டி வைத்தான். பில்லில் இருந்த பேட்ச் எண்ணும் அட்டையில் இருந்ததும் ஒன்றுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மெத்தோட்ரெக்சேட் தினமும் உட்கொண்டதால்' என்று காரணத்தை எழுதச் சொல்லி நான் கேட்டு வாங்கினேன். இதைக் கேட்கத் தயங்கவே கூடாது. சிகிச்சை ஆவணங்களை நோயாளி கேட்டால் டாக்டர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை.

எங்கே போவது என்று தெரியவில்லை. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. இது நம் ஊர்ப் பெண்கள் பலருக்குத் தெரியாதது எனக்கு இன்றும் ஆதங்கம். அங்கே கிடைத்த வக்கீலம்மா முதலில் கேட்டது, "உங்களுக்கு என்ன வேணும்? கடை மேல நடவடிக்கையா, ஆளுக்குத் தண்டனையா, நஷ்டஈடா?" ஒவ்வொன்றுக்கும் போகும் இடம் வேறு.

கடையின் உரிமத்தில் கை வைப்பது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரோ, அவருடைய நேரடி மேற்பார்வையிலோதான் நடக்க வேண்டும் என்கிறது 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65ஆம் விதி. மீறினால் உரிமத்தை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். ஆனால் அங்கிருந்து நமக்குப் பணம் வராது. போலீஸ் என்றால் குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவு: கவனக்குறைவால் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது. ஸ்டேஷனில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம், அதோடு நிறுத்திக்கொண்டோம். அந்தப் பையன் சம்பளத்துக்கு நிற்பவன். பதில் சொல்ல வேண்டியவர் மருந்தாளுநர் இல்லாமல் கடையைத் திறந்து வைத்த உரிமையாளர்தான் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். மருந்து ஆய்வாளருக்கு மட்டும் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினோம். அவர் கடையைச் சோதித்த அறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினோம். சோதனையின்போதும் மருந்தாளுநர் கடையில் இல்லை என்று அதில் இருந்தது.

வக்கீல் நோட்டீஸ் போனதும் கடைக்கார அண்ணாச்சி ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வீட்டுக்கு வந்தார். "தங்கச்சி, பையன் தெரியாம எழுதிட்டான். ஊருக்குள்ள கோர்ட்டு கேஸுன்னு வேண்டாம், செலவைக் கொடுத்திருதேன்" என்றார். சரி அண்ணாச்சி, இதையே எழுத்தில் கொடுங்கள் என்றேன். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. கவரைப் பார்க்கணும் என்றார். தம்பி போனில் போட்டோவைக் காட்டினான்.

பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் அம்மா பெயரில் முறையீடு. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இப்போது அரசின் இ-ஜாக்ருதி இணையதளத்திலும் பதியலாம். கட்டணம், கேட்கும் நஷ்டஈட்டைப் பொறுத்தது அல்ல, பொருளுக்கு நாம் கொடுத்த விலையைப் பொறுத்தது. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம் என்றாலும் ஆவணங்களை வரிசைப்படுத்த எங்களுக்கு வக்கீலம்மாவின் உதவி தேவைப்பட்டது.

அரசு ஆஸ்பத்திரியில்தானே பார்த்தீர்கள், உங்களுக்கு என்ன நஷ்டம் என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். அம்மா பீடி சுற்றாத வாரங்களின் கூலி நஷ்டம் இல்லையா? சுற்றிய பீடிக் கணக்கு எழுதும் பாஸ்புக்கில், சம்பவத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களை நகலெடுத்து வைத்தோம். கூட இருந்து பார்க்க தம்பி வேலைக்குப் போகாத நாட்கள், வெளியே எடுத்த பரிசோதனைகள், வண்டிச் செலவு, அம்மா பட்ட வேதனை என்று தனித்தனியே எழுதினோம்.

எதிர்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. கடைசி நேரத்தில் வந்த பதிலில், கவரில் இருப்பது எங்கள் கடைக் கையெழுத்தே இல்லை என்றிருந்தது. வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்ட மனிதர் அப்படி எழுதியதில் அம்மாவுக்குத்தான் ரொம்ப வருத்தம். நிபுணர் சாட்சி இல்லை என்றும் வாதிட்டார்கள். எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து அவசியமில்லை என்ற 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எங்கள் வக்கீல் காட்டினார். சீட்டையும் கவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பிழை தெரிந்தது. கடையின் பெயர் அச்சிட்ட கவர், அதே தேதி பில், ஆய்வாளர் அறிக்கை மூன்றும் சேர்ந்தபோது கையெழுத்துப் பேச்சு எடுபடவில்லை.

மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அதைவிட வெகுகாலம் இழுத்தது. முடிவில் சேவைக் குறைபாடு என்று ஆணையம் தீர்ப்பளித்தது. நஷ்டஈடும் வழக்குச் செலவும் கொடுக்க உத்தரவு; கேட்டதைவிடக் குறைவுதான். மேல்முறையீட்டுக்கு 45 நாள் இருந்தது, ஆனால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டினால்தான் போக முடியும். அவர்கள் போகவில்லை. உத்தரவை மதிக்காவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72ஆம் பிரிவில் சிறைவரை போகலாம் என்று வக்கீலம்மா ஒரு கடிதம் அனுப்பினார். அதற்குப் பிறகு பணம் அம்மாவின் வங்கிக் கணக்குக்கு வந்தது.