பழைய கூடாரம்: உரிந்த பூச்சிலிருந்து மழைச் சோதனை வரை

சரிசெய்ய எடுத்துக்கொண்டது இரண்டு பேர் படுக்கும் குவிமாடக் கூடாரம். உள்கூடாரத்தின் சுவர் வலைத்துணி, அதற்கு மேல் மழையைத் தடுக்கும் தனி வெளிப்போர்வையான ஃப்ளை, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அலுமினியத் தண்டுகள். ஃப்ளையும் தரைத்துணியும் பாலியஸ்டர், உட்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு. வருடக்கணக்கில் பைக்குள் சுருண்டு கிடந்த சரக்கு.

பிரித்ததும் தெரிந்த கோளாறுகள்: புளித்த வாந்தி நாற்றம். தரைத்துணி தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு, இழுத்தால் படபடவென்று பிரிகிறது. ஃப்ளையின் தையல் மேல் ஒட்டிய நாடா பாதிக்கு மேல் உரிந்து தொங்குகிறது. ஒரு தண்டின் துண்டுகளை உள்ளே கோத்து வைத்திருக்கும் எலாஸ்டிக் தொய்ந்துவிட்டது. வாசல் ஜிப்பில் ரன்னர் ஓடுகிறது, பின்னாலேயே பல் பிரிந்துகொள்கிறது. நாற்றத்தையும் பிசுபிசுப்பையும் பார்த்துத்தான் பலர் இந்த மாதிரிக் கூடாரங்களைக் கழித்துவிடுகிறார்கள். குறைந்த செலவில் கூடாரம் தேடுபவர்கள் பார்க்க வேண்டிய இடம் இதுதான், ஒரு நிபந்தனையோடு: துணி உயிரோடு இருக்க வேண்டும்.

துணிச் சோதனை

ஃப்ளையில் அதிகம் வெயில் படுவது உச்சிப்பகுதி. அங்கே துணியை இரண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, எதிரெதிர்ப் பக்கம் வெடுக்கென்று இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு வெயிலே படாத ஓரிடத்தில், உதாரணமாக வாசல் மடிப்பின் உள்பக்கத்தில், அதே இழுப்பு. இரண்டும் ஒரே மாதிரி தாங்கினால் வேலையைத் தொடங்கலாம். உச்சியில் காகிதம்போல் கிழிந்தால் அந்தத் துணியை எந்தப் பூச்சும் காப்பாற்றாது. தண்டையும் முளைகளையும் உதிரிக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவதே நல்லது. நைலான் பாலியஸ்டரைவிட வெயிலுக்குச் சீக்கிரம் இற்றுப்போகும், ஆகவே நைலான் ஃப்ளையாக இருந்தால் இந்தச் சோதனையில் தாட்சண்யம் கூடாது.

இரண்டாவது சோதனை பூச்சுக்கு. 1.5 மீட்டர் நீளமுள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று போதும். குழாயின் அடிவாயைத் துணியால் மூடி, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, அதன் மேல் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். மழை படும் பக்கம் குழாய்க்குள் இருக்கட்டும். துணியை வெட்ட வேண்டியதில்லை, கூடாரத்தில் இருக்கிறபடியே கட்டலாம். பிறகு மேலிருந்து மெதுவாகத் தண்ணீர். துணியில் மூன்று இடத்தில் துளி கசியும்போது நீர்மட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதுதான் துணி எவ்வளவு நீரைத் தாங்கும் என்று கூடார அட்டையில் 1500, 3000 என்று போடும் எண்ணின் வீட்டு வடிவம். ஆய்வுக்கூடச் சோதனையிலும் மூன்றாவது துளிதான் கணக்கு. கிளிப் ஓரத்தில் மடிப்பு வழியாக வரும் கசிவைத் துளி என்று எண்ணிவிடக் கூடாது. நடுப்பகுதியை மட்டும் பார்க்க வேண்டும்.

இந்த ஃப்ளையில் குழாய் நிரம்பியும் துளி வரவில்லை. பூச்சு நன்றாகவே இருக்கிறது, போனது நாடா மட்டும்தான். தரைத்துணியில் ஓர் அடி உயரம்கூட நிற்கவில்லை. மழையைத் தாங்க 1500 போதும் என்றாலும் தரைக்கு அது குறைச்சல். 30 கிலோ பாரம் 60 சதுர சென்டிமீட்டர் முழங்காலில் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ. அது 5000 மில்லிமீட்டர் நீர்மட்டத்துக்குச் சமம். ஈரத்தரையில் முழங்கால் போட்ட இடத்தில் மட்டும் நனைவதற்குக் காரணம் இதுதான்.

பூச்சை உரித்தல்

பிசுபிசுப்புக்குக் காரணம் அழுக்கு இல்லை. ஈரமும் வெக்கையும் சேர்ந்து பாலியூரித்தேனின் மூலக்கூறுச் சங்கிலியை அறுத்துவிடுகின்றன. நாற்றமும் அதிலிருந்து வருவதே. அறுந்தது மறுபடி சேராது. அதன் மேலேயே புதுப் பூச்சு அடிக்கிற ஆசை எல்லோருக்கும் வரும், ஆனால் கழன்றுகொண்டிருக்கும் அடுக்கின் மேல் எதை அடித்தாலும் அதோடு சேர்ந்தே உரியும். முழுக்க எடுத்தாக வேண்டும்.

முதலில் வெதுவெதுப்பான நீரில் சில சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு இரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஸ்பாஞ்சின் மென்மையான பக்கத்தால் தேய்த்தால் தளர்ந்த பகுதி செதில் செதிலாக வந்துவிடும். பிடிவாதமாக நிற்பதற்கு 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். துணியைக் காயவைத்து, சமமான பலகை மேல் விரித்து, ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாகப் பிரித்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. ஆல்கஹால் நனைத்த துணியை ஒரு நிமிடம் மேலே போட்டுவைத்துத் தேய்த்து, இளகிய கூழை உடனே வேறொரு காய்ந்த துணியால் வழித்துவிட வேண்டும். வழிக்காமல் விட்டால் ஆல்கஹால் ஆவியானதும் கூழ் அங்கேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். செய்த வேலையையே திரும்பச் செய்ய நேரும். இரண்டு பேர் தரைத்துணிக்கு அரை லிட்டருக்கு மேல் பிடிக்கும். சாயம் இறங்குகிறதா என்று முதலில் ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளுங்கள். கையுறை, திறந்த வெளி, அருகில் நெருப்பு கூடாது.

மூலைகளில் இருந்த கரும்புள்ளிப் பூஞ்சைக்குத் தண்ணீர் கலந்த வினிகர் போட்டதில் பூஞ்சை போனது, கறை போகவில்லை. கறையால் கசிவு வராது. ப்ளீச் வேண்டாம், இழையை வீணாக்கும். வாஷிங் மெஷினும் வேண்டாம், வலைத்துணியும் தையலும் சிக்கி இழுபடும்.

எந்தப் பசை எங்கே

இந்த வேலையில் பெரும்பாலான தோல்வி இங்கேதான். பாலியூரித்தேன் பூசிய துணியில் சிலிக்கோன் சரியாகப் பிடிக்காது. சிலிக்கோன் பட்ட துணியில் சிலிக்கோனைத் தவிர வேறெதுவும் பிடிக்காது. துணி எந்த வகை என்று தெரியாவிட்டால் சாதாரண செல்லோ டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டிப் பாருங்கள். சிலிக்கோன் பக்கத்தில் டேப் பலமில்லாமல் கழன்று வரும். தொழிற்சாலையில் ஒட்டிய தையல் நாடா இருந்தால் அந்தப் பக்கம் பெரும்பாலும் பாலியூரித்தேன்தான்.

இந்தக் கூடாரத்தில் இரண்டுமே தேவைப்பட்டன. ஃப்ளையின் தையல்களுக்கு ஊசித்துளையை அடைக்கும் பாலியூரித்தேன் பசை (சீலர்), உரித்து வெறுந்துணியாக்கிய தரைக்கு சிலிக்கோன். ஆகவே வரிசை முக்கியம்: ஃப்ளையை முதலில் முடித்து, காயவைத்து, மடித்து வேறு அறையில் வைத்த பிறகே சிலிக்கோன் டியூபைத் திறக்க வேண்டும். கையிலோ தூரிகையிலோ இருக்கும் சிலிக்கோன் தையலில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் சீலர் நிற்காது.

ஃப்ளை: நாடா உறுதியாக இருக்கிற இடங்களை விட்டுவைக்கத் தோன்றும். ஒரே வயது நாடா, அடுத்த மழைக்காலத்தில் அதுவும் வரும். முழுவதையும் உரித்து, பசை மிச்சத்தை ஆல்கஹாலால் துடைத்தெடுத்தாயிற்று. பிறகு ஃப்ளையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக் கூடாரத்தை விறைப்பாகக் கட்ட வேண்டும். துணி இழுபட்டு நிற்கும்போதுதான் ஊசித்துளைகள் திறக்கும், சீலர் உள்ளே இறங்கும். தரையில் விரித்துப் பூசியது காய்ந்த பிறகு, கட்டும்போது துளை விரிந்து ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விடுகிறது. தையலின் இருபக்கமும் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு மெல்லிய இரண்டு கோட். தடிமனான ஒரே கோட் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும். நிழலில், ஓர் இரவு முழுக்கக் காயவிட வேண்டும்.

தரை: 100 சதவீத சிலிக்கோன் சீலன்ட், நிறமற்றது, காயும்போது வினிகர் வாசனை வரும் ரகம். பெயின்ட் அடிக்கலாம் என்று போட்டிருக்கும் அக்ரிலிக் கலந்தது உதவாது. கலவை: 30 கிராம் சிலிக்கோனுக்கு 300 மில்லி மினரல் டர்பன்டைன். மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் முதலில் சிலிக்கோனைப் போட்டு, டர்பன்டைனை இரண்டு ஸ்பூன் விட்டு மசித்து, கூழானதும் மேலும் மேலும் சேர்த்துக் கலக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஊற்றினால் சிலிக்கோன் கட்டியாக அடியிலேயே உட்கார்ந்துகொள்ளும். காற்றின் ஈரம் பட்டு இறுகும் பொருள் என்பதால் கலவையை எடுத்துவைக்க முடியாது, அன்றைக்கே தீர்க்க வேண்டும். தரையின் மூலைத் தையல்களுக்கு மட்டும் ஒன்றுக்கு ஒன்று கலந்த கெட்டிக் கலவை.

பூசியது தரையின் வெளிப்பக்கம். உள்ளே பூசினால் வழுவழுப்பில் படுக்கை விரிப்பு இரவெல்லாம் சரிந்துகொண்டே இருக்கும். கலவை நூலிடுக்கில் ஊறி உள்ளேயும் கொஞ்சம் வரத்தான் செய்கிறது. அதற்கு விரிப்பின் அடியில் அதே சிலிக்கோனால் சில கோடுகள் இழுத்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். 5 சென்டிமீட்டர் தூரிகையால் தேய்த்து, இரண்டே நிமிடத்தில் நூல் உதிராத துணியால் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். தேங்கிய இடமெல்லாம் பசபசவென்று நிற்கும். ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டாவது கோட், அதுவும் காய்ந்ததும் டால்கம் பவுடரைத் தூவித் தட்டிவிட்டால் மடிப்பில் ஒட்டாது. எடைக் கவலை உள்ளவர்களுக்கு: 30 கிராம் 3 சதுர மீட்டரில் பரவினால் ஒரு கோட்டுக்குச் சதுர மீட்டருக்கு 10 கிராம்தான் கூடும்.

குழாய்ச் சோதனை மறுபடியும்: இரண்டு கோட்டுக்குப் பிறகு 1.5 மீட்டர் நிரம்பியும் துளி இல்லை. முழங்கால் கணக்குக்கு இது சான்று ஆகாது, அதனால்தான் கூடாரத்துக்கு அடியில் போடும் கீழ்விரிப்பு தேவை.

தண்டும் ஜிப்பும்

தண்டின் முழு நீளம் 3.6 மீட்டர், புது எலாஸ்டிக் 3 மில்லிமீட்டர் தடிமன், 2.7 மீட்டர் வெட்டியது. தண்டின் நீளத்தில் முக்கால் பங்கு என்பது நல்ல தொடக்கம். இன்னும் குறைத்தால் மடிக்கும்போது இழுவிசையில் இணைப்பு விளிம்பு விரிசல் விடும்; கூட்டினால் துணிக்குள் செருகும்போது துண்டுகள் பிரிந்து தொல்லை. ஒவ்வொரு இணைப்பின் வாயையும் விரலால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எலாஸ்டிக்கை அதுவே அறுக்கும். மடிக்கும்போது நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மடித்தால் எலாஸ்டிக் சமமாக இழுபடும். ஃபைபர்கிளாஸ் தண்டாக இருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சிலாம்பு ஏறினால் எடுப்பது கஷ்டம்.

ஜிப் பிரிவதற்குப் பெரும்பாலும் பல் காரணமில்லை, ரன்னர் தேய்ந்து வாய் அகன்றிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மணலை எடுத்துவிட்டு, ரன்னரின் பின்பக்க விளிம்பைக் குறடால் இரு பக்கமும் சமமாகத் துளித்துளியாக அழுத்தி, ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இது ஓரிரு முறை மட்டும் பலிக்கும் வைத்தியம். அடுத்த முறை ரன்னரையே மாற்ற வேண்டியதுதான். அதன் பின்புறம் 5 அல்லது 8 என்று எண் பொறித்திருக்கும், அதே அளவு, அதே சுருள் வகை வாங்க வேண்டும்.

மழைச் சோதனை

தெளிப்பான் மாட்டிய ஹோஸால் அரை மணி நேரம், நேர் மேலிருந்தும் சாய்வாகவும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு. தரையில் செய்தித்தாள் விரித்தால் துளி விழுந்த இடம் உடனே தெரியும். ஈரம் ஃப்ளையின் உட்பக்கம் முழுக்க மெல்லிய படலமாக இருந்தால் அது மூச்சுக்காற்று குளிர்ந்த நீர், சீலரால் தீராது, காற்று வழியைத் திறக்க வேண்டும். தையலோரம் வரிசையாக முத்து முத்தாக நின்றால்தான் கசிவு. தரைக்கு, கூடாரத்தின் அடியில் ஈரச்சாக்கை விரித்து உள்ளே செய்தித்தாள் மேல் ஐந்து நிமிடம் முழங்காலிட்டுப் பார்க்கலாம்.

நீளத் தையல்கள் எல்லாம் காய்ந்தே இருந்தன. கசிந்தது ஒரே இடம்: ஃப்ளையின் பக்கவாட்டில் இழுகயிறு கட்டும் வளையம். அங்கே மூன்று அடுக்குத் துணியைச் சேர்த்து நெருக்கமாகத் தைத்திருப்பதால் நூல் வழியாகத் தண்ணீர் ஊர்ந்து வருகிறது. உள்பக்கச் சீலர் போதவில்லை, வெளிப்பக்கம் வளையத்தின் அடியைச் சுற்றியும் ஒரு கோட் கொடுத்திருக்கிறது, காய்ந்துகொண்டிருக்கிறது.

பாக்கி: வலையில் இரண்டு சிறு ஓட்டைகள். கீழ்விரிப்புக்கு பாலித்தீன் தாள் வெட்ட வேண்டும், தரையைவிட நாலாபுறமும் 5 சென்டிமீட்டர் குறைவாக. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஃப்ளையிலிருந்து வடியும் மழையை வாங்கிக் கூடாரத்துக்கு அடியில் சேர்த்துவிடும்.